புரதத்தோடு உலோகம் சேர்வதை நிறமாலையால் அறிதல்: வடசென்னை மாணவர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

வடசென்னைக் கல்லூரிகளில் வேதியியலோ உயிர்வேதியியலோ முதுகலை படிக்கும் மாணவர்கள் ஆய்வுத் தலைப்பைத் தேடும்போது தங்கள் ஊரிலிருந்தே தொடங்குவது இயல்பு. எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த நிலக்கரிச் சாம்பலையும், மணலியின் ஆலைகளையும், காசிமேட்டில் வந்திறங்கும் மீனையும் நாள்தோறும் பார்ப்பவர்களுக்கு, காட்மியமும் ஈயமும் ஓர் உயிரின் உடலுக்குள் சென்று எந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன என்ற கேள்வி வெறும் பாடப்புத்தகக் கேள்வி அல்ல. அதற்கு விடை தேட உதவும் கருவிகளில் மிக எளிதாகக் கிடைப்பது நிறமாலைமானி. புற ஊதா மற்றும் கட்புல ஒளியில் இயங்கும் ஒரு கருவி பெரும்பாலான வேதியியல் துறைகளில் உண்டு. ஆனால் புரதக் கரைசலில் உலோகத்தைச் சேர்த்து ஒரு வளைவரையைப் பெறுவது எளிது. அந்த வளைவரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவே முடியாது என்று பிரித்தறிவதுதான் கடினம். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வேலைக்காக எழுதப்படுகிறது.

எந்த உலோகம் கண்ணுக்குத் தெரியும்

நிறமாலையில் எல்லா உலோகங்களும் தெரிவதில்லை. இரும்பு, தாமிரம், கோபால்ட் போன்றவற்றின் டி ஆர்பிட்டால்களில் எலக்ட்ரான்கள் முழுமையாக நிரம்பியிருப்பதில்லை. ஆகவே அவை கட்புல ஒளியை உறிஞ்சுகின்றன. துத்தநாக அயனியில் பத்து எலக்ட்ரான்களும் நிரம்பியிருப்பதால் அது கட்புலப் பகுதியில் எதையும் காட்டாது. துத்தநாகத்தை ஆராய வேண்டுமானால் அதன் இடத்தில் கோபால்ட்டை வைத்துப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். கோபால்ட் நான்முகி வடிவில் அமர்ந்தால் 550 முதல் 750 நானோமீட்டர் வரையிலான பகுதியில் வலுவான பட்டைகளைத் தரும். எண்முகி வடிவில் அமர்ந்தால் அதே பட்டைகள் பத்து மடங்கு அளவுக்கு மெலிந்துவிடும். சிஸ்டீனின் கந்தகம் அதனோடு இணைந்திருந்தால் 300 முதல் 350 நானோமீட்டர் அருகே, எலக்ட்ரான் கந்தகத்திலிருந்து உலோகத்துக்குத் தாவுவதால் எழும் மின்சுமைப் பரிமாற்றப் பட்டை ஒன்று தோன்றும். இவ்வாறு ஒரே அளவீட்டில், உலோகம் எத்தனை கைகளால் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கும், அந்தக் கைகளில் கந்தகம் இருக்கிறதா என்பதற்கும் முதல் தடயம் கிடைக்கிறது.

பட்டை எங்கே வருகிறது என்பதோடு அதன் வலிமையும் முக்கியம். மாட்டு இரத்தத்தின் ஆல்புமினில் தாமிரம் முதலில் பற்றுவது அமினோ முனையிலுள்ள இடத்தை. அது 525 நானோமீட்டர் அருகே ஓர் ஊதா நிறத்தைத் தரும். ஆனால் அதன் மோலார் உறிஞ்சுகெழு, அதாவது ஒரு மோலார் கரைசல் ஒரு சென்டிமீட்டர் தடத்தில் ஒளியை உறிஞ்சும் அளவு, ஏறத்தாழ 100 மட்டுமே. ஒரு சென்டிமீட்டர் க்யூவெட்டில் (கரைசலை வைத்து அளக்கும் சிறு கலம்) 200 மைக்ரோமோலார் புரதம் முழுவதும் தாமிரத்தால் நிரம்பினாலும் உறிஞ்சல் 0.02தான் வரும். பழகாத கையில் இது அடிக்கோட்டின் நடுக்கத்திலேயே மறைந்துவிடும். எல்லோரும் ஆல்புமினில் தொடங்குவது அது மலிவானது என்பதால்தான். கற்பதற்கு அது நல்ல தொடக்கம் அல்ல என்பது என் கருத்து.

முதல் புரதமாக முட்டை வெண்கரு

தொடக்கத்துக்கு நான் பரிந்துரைப்பது கோழிமுட்டையின் வெண்கருவில் உள்ள ஓவோடிரான்ஸ்ஃபெரின். வெண்கருப் புரதத்தில் ஏறத்தாழ 12 விழுக்காடு இதுவே. கோனால்புமின் என்ற பெயரில் தூய தூளாகவும் விற்கப்படுகிறது. ஒரு மூலக்கூறு இரண்டு ஃபெரிக் அயனிகளைப் பிடிக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு டைரோசின், ஒரு ஹிஸ்டிடின், ஓர் ஆஸ்பார்டேட் ஆகியவற்றோடு ஒரு கார்பனேட் அயனியும் சேர்ந்து பற்றுகின்றன. டைரோசினிலிருந்து இரும்புக்குச் செல்லும் மின்சுமைப் பரிமாற்றத்தால் 465 நானோமீட்டர் அருகே இளஞ்சிவப்பு நிறம் எழுகிறது. ஓர் இரும்புக்கு உறிஞ்சுகெழு ஏறத்தாழ 2,500. ஆல்புமின் தாமிரத்தைவிட இது 25 மடங்கு வலுவானது.

வெண்கரு பாக்டீரியா வளர்ச்சியைத் தடுப்பதையும், இரும்பைச் சேர்த்தால் அந்தத் தடை நீங்குவதையும் 1944இல் ஷேடும் கரோலினும் காட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில் அவர்களே மனித இரத்தத்திலும் இதற்கு இணையான புரதத்தைக் கண்டார்கள். ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ இரத்தசோகை இருப்பவர்களுக்கு எழுதித் தரப்படும் டிஐபிசி (மொத்த இரும்புப் பிணைப்புத் திறன்) என்ற சோதனை அந்த இரத்தப் புரதத்தின் கொள்ளளவைத்தான் அளக்கிறது. ஆகவே இந்தப் பயிற்சி மருத்துவ ஆய்வுக்கூடத்தின் வேலைக்கும் நெருக்கமானது.

தூய புரதத்தை வாங்குவதற்கு முன் ஒரு முட்டையை உடைத்துப் பாருங்கள். வெண்கருவை மட்டும் எடுத்து, சம அளவு நீரில் கலந்து, மெல்லிய துணியில் வடிகட்டி, சிறிது சோடியம் பைகார்பனேட் சேர்த்து, பின்வரும் பகுதியில் சொல்லும் இரும்புக் கரைசலைச் சொட்டுச்சொட்டாக விட்டால் கண்ணுக்கே தெரியும்படி இளஞ்சிவப்பு எழும். அதில் ஒரு பகுதியை எடுத்து மெல்ல அமிலமாக்கினால், பிஎச் 4க்கு இறங்குவதற்குள் நிறம் மறையத் தொடங்கும். கார்பனேட் புரோட்டானை ஏற்று விலக, இரும்பும் விடுபடுகிறது. நிறம் வந்ததும் போனதும் ஒரே வேதிவினையின் இரு திசைகள் என்பதை இந்தச் சிறு சோதனை மனத்தில் பதியவைக்கும்.

நீர், கலம், தாங்கல் கரைசல்

உலோக ஆய்வில் முதல் எதிரி, நாம் சேர்க்காமலே வந்து சேரும் உலோகம். மீஞ்சூர், எண்ணூர்ப் பக்கங்களில் நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்திருப்பது நாம் அறிந்ததே. குழாய்நீரும் கேன் நீரும் கலங்களைக் கடைசியாக அலசுவதற்குக்கூட ஏற்றவை அல்ல. உலோகக் கொதிகலத்தில் வடித்த நீரிலும் தாமிரம் இருக்கலாம். அயனி நீக்கிய மிகத்தூய நீரை மட்டும் பயன்படுத்துங்கள். கண்ணாடிக் கலங்களை 10 விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, தூய நீரில் பலமுறை அலசி, தூசி படியாமல் கவிழ்த்து வையுங்கள். எஃகுக் கரண்டிக்குப் பதிலாக நெகிழிக் கரண்டியையும், நிறமூட்டாத பிப்பெட் முனைகளையும் பயன்படுத்துவது நல்லது. தாங்கல் கரைசலை, உலோகத்தைப் பற்றும் செலெக்ஸ் பிசினின் வழியே செலுத்தினால் எஞ்சிய உலோகமும் நீங்கும். அதன்பின் பிஎச்சை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

எந்தத் தாங்கல் என்பதை அலமாரியில் என்ன இருக்கிறது என்பது தீர்மானிக்கக் கூடாது. பாஸ்பேட் பல உலோகங்களை வீழ்படிவாக்கும். டிரிஸ் தாமிரத்தோடு சேரும். சிட்ரேட்டும் ஹிஸ்டிடினும் தாமே ஈனிகள், அதாவது உலோகத்தைப் பற்றும் மூலக்கூறுகள். கந்தகம் கொண்ட ஒடுக்கியான டிடிடி துத்தநாகத்தையும் காட்மியத்தையும் வலுவாகப் பற்றும். இந்தப் பயிற்சிக்கு 50 மில்லிமோலார் ஹெப்பீஸ், 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 20 மில்லிமோலார் பைகார்பனேட், பிஎச் 7.4 என்ற கலவை போதுமானது. புரதத்திலிருந்து பழைய இரும்பை நீக்க, உலோகத்தை வலுவாகப் பற்றும் ஈடிடிஏ பயன்படுத்தியிருந்தால், அதைக் கூழ்மப்பிரிப்பு மூலம் முழுவதும் வெளியேற்றிய பிறகே தொடர வேண்டும். எஞ்சிய ஈடிடிஏ முதல் சொட்டுகளை விழுங்கி, புரதத்துக்கு இல்லாத ஒரு பிடிப்பிடத்தை வளைவரையில் காட்டிவிடும்.

ஃபெரிக் அயனியை நடுநிலை நீரில் தனியாக விட்டால் துருவாக மாறிவிடும். எனவே ஃபெரிக் உப்பை நீர்த்த அமிலத்தில் கரைத்து, இரண்டு மடங்கு நைட்ரிலோ மும்மை அசெட்டிக் அமிலத்தைச் சேர்த்து, பிறகே மெதுவாகப் பிஎச்சை உயர்த்த வேண்டும். ஆய்வகத்தில் என்டிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த ஈனி இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருந்து, புரதத்திடம் ஒப்படைக்கும். அதன் செறிவை உப்பின் எடையிலிருந்து கணக்கிட்டு நம்பிவிடாதீர்கள். ஃபெரிக் உப்புகள் நம் கடலோர ஈரக்காற்றில் நீரை உறிஞ்சி எடையை மாற்றிக்கொள்ளும். ஹைட்ராக்சிலமீனால் ஒடுக்கி, ஃபினாந்த்ரோலின் சேர்த்து, 510 நானோமீட்டரில் அளந்து பாருங்கள். அந்த அணைவின் உறிஞ்சுகெழு 11,100 என்பது நன்கு நிறுவப்பட்ட எண். இளங்கலையில் செய்த அதே சோதனைதான்.

புரதத்தின் செறிவு

உலோகத்தின் செறிவு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் புரதத்தின் செறிவும். 280 நானோமீட்டரில் உறிஞ்சுகெழுவைப் புரதத்தின் வரிசையிலிருந்தே கணக்கிடலாம்: ஒவ்வொரு டிரிப்டோஃபேனுக்கும் 5,500, ஒவ்வொரு டைரோசினுக்கும் 1,490, ஒவ்வொரு டைசல்பைடு பிணைப்புக்கும் 125. மாட்டு ஆல்புமினில் 2 டிரிப்டோஃபேன், 20 டைரோசின், 17 டைசல்பைடு உண்டு. கூட்டினால் 42,925 வரும். அளவீட்டிலிருந்து வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும் மதிப்பு 43,824. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 2 விழுக்காடுதான். ஓவோடிரான்ஸ்ஃபெரினுக்கும் இதே கணக்கை நீங்களே செய்து பாருங்கள். இந்த அளவீட்டைக் குவார்ட்ஸ் க்யூவெட்டில்தான் எடுக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 320 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை விடாது.

நம் ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த க்யூவெட்டை அப்படியே கருவியில் வைத்தால், அதன் வெளிச்சுவரில் நொடியில் பனித்திரை படியும். அது ஒளியைச் சிதறடித்து உறிஞ்சலைப் பொய்யாக உயர்த்தும். கரைசலை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, சுவரைத் துடைத்து, 350 நானோமீட்டருக்கு மேலே உலோகம் சேராத புரதத்தின் கோடு சுழியில் படுத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். அது சாய்ந்து உயர்ந்தால் பனித்திரையோ, திரண்ட புரதமோ இருக்கிறது; திரண்டதாயின் மையவிலக்கியில் சுழற்றித் தெளிவை எடுக்க வேண்டும்.

தரம்பார்த்தல்

50 மைக்ரோமோலார் புரதக் கரைசல் ஒரு மில்லிலிட்டரை எடுத்துக்கொண்டால் அதில் 50 நானோமோல் புரதம், அதாவது 100 நானோமோல் பிடிப்பிடங்கள் உள்ளன. இரும்புக் கரைசல் 5 மில்லிமோலார் எனில் ஒவ்வொரு 2 மைக்ரோலிட்டரும் 10 நானோமோல் இரும்பைத் தரும். 15 முறை சேர்த்தால் புரதத்துக்கு மூன்று மடங்கு இரும்பு வரை சென்றுவிடலாம். கன அளவு 3 விழுக்காடுதான் கூடும். ஒவ்வொரு முறையும் மெல்லக் கலந்து, 465 நானோமீட்டரில் உறிஞ்சல் அசையாமல் நிற்கும் வரை காத்திருங்கள். என்டிஏயிடமிருந்து இரும்பு கைமாறச் சில நிமிடங்கள் ஆகும். அவசரப்பட்டு எடுத்த புள்ளிகள் வளைவரையின் முனையை மழுங்கடித்து, பலவீனமான பிணைப்பு போன்ற தோற்றத்தைத் தரும். ஒரே அலைநீளத்தை மட்டும் குறிக்காமல் 350 முதல் 700 வரை முழு நிறமாலையையும் பதிவு செய்யுங்கள், ஏனெனில் வீழ்படிவு தொடங்கினால் முதலில் காட்டிக்கொடுப்பது அடிக்கோட்டின் சாய்வுதான்.

கிடைத்த ஒவ்வொரு எண்ணையும் நீர்த்தலுக்காகத் திருத்தி, சேர்த்த இரும்பின் மோல் விகிதத்துக்கு எதிராக வரையுங்கள். எல்லாம் சரியாக நடந்திருந்தால் நேர்கோடாக ஏறி, விகிதம் 2இல் முறிந்து, 0.25 அருகே கிடையாகச் செல்லும். 1.7இல் முறிந்தால் புரதத்தில் ஏற்கெனவே சிறிது இரும்பு இருந்திருக்கலாம், அல்லது புரதத்தின் ஒரு பகுதி சிதைந்திருக்கலாம். 2.3இல் முறிந்தால் ஈடிடிஏ எஞ்சியிருக்கிறதா என்று முதலில் ஐயப்படுங்கள்.

இதே முறையை மேலும் சில வெற்றுச் சோதனைகளோடு செய்யாவிட்டால் முதல் வரைபடத்துக்கு மதிப்பு இல்லை. புரதம் இல்லாத தாங்கலில் அதே இரும்பு. இரும்பு இல்லாத என்டிஏ கரைசலை அதே புரதத்தில். இரும்பை இவ்வாறு பிடிக்காத லைசோசைம் போன்ற வேறொரு புரதத்தில் அதே இரும்பு. இந்த மூன்றையும் முக்கியச் சோதனை நடக்கும் அதே நாளில், அதே கரைசல்களால் செய்வது நல்லது. பயன்படுத்திய உலோகக் கரைசல்களைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் தனிப் போத்தலில் சேர்த்து வையுங்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் கரிமப் பொருள்கள் சிதையும், உலோகம் சிதையாது.

முறிவுப் புள்ளி சொல்வதும் சொல்லாததும்

மாணவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இது. மேலே பெற்ற வளைவரை இரண்டு நேர்கோடுகளால் ஆனது. அது எத்தனை இரும்பு சேர்கிறது என்பதை மிகத் தெளிவாகச் சொல்கிறது. எவ்வளவு இறுக்கமாகச் சேர்கிறது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. குடம் நிரம்பி வழியும் கணம் குடத்தின் கொள்ளளவைக் காட்டும். அடியில் உள்ள கசிவு எவ்வளவு நுண்ணியது என்பதைக் காட்டாது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. பிரிகை மாறிலி என்பது பிடிப்பிடங்களில் பாதி நிரம்பத் தேவையான கட்டற்ற உலோகச் செறிவு; அது குறையக் குறைய பிணைப்பு இறுக்கமானது. அது புரதத்தின் செறிவுக்கு அருகே இருக்கும்போதுதான் வளைவரையின் வளைவு அந்த மாறிலியைச் சார்ந்து மாறும். புரதம் 50 மைக்ரோமோலார் இருக்கையில் பிரிகை மாறிலி 10 நானோமோலாராக இருந்தாலும் 1 நானோமோலாராக இருந்தாலும் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும். கணினி நிரலிடம் கொடுத்தால் அது ஏதோ ஓர் எண்ணைத் தரத்தான் செய்யும். அந்த எண் கருவியின் இரைச்சலிலிருந்து பிறந்தது. புரதத்தின் செறிவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து மீண்டும் செய்யுங்கள். கிடைக்கும் மாறிலியும் கூடவே குறைந்தால், நீங்கள் அளந்தது பிணைப்பை அல்ல, உங்கள் செறிவை.

இறுக்கமான பிணைப்பை அளக்கப் போட்டிச் சோதனைதான் வழி. உலோகத்தோடு தனக்கு உள்ள பிணைப்பு நன்கு அறியப்பட்ட, நிறம் மாறக்கூடிய ஒரு காட்டியைப் புரதத்தோடு சேர்த்து வைத்து, உலோகத்தை இருவரும் எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். துத்தநாகத்துக்கு மேக்ஃபுரா-2 என்ற சாயம் அவ்வகையில் பயன்படுகிறது. அதன் பிரிகை மாறிலி ஏறத்தாழ 20 நானோமோலார், துத்தநாகம் சேரும்போது அதன் உறிஞ்சல் உச்சம் 366இலிருந்து 325 நானோமீட்டருக்கு நகரும். பங்கீடு ஒருதலையாகப் போனால் அளவீடு பயனற்றது. இரண்டு பக்கமும் 20 முதல் 80 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு செறிவுகளை அமையுங்கள். காட்டியின் செறிவை மாற்றினாலும் அதே மாறிலி கிடைக்க வேண்டும், போதிய நேரம் காத்திருந்தாலும் மாறக் கூடாது. இந்த இரண்டையும் கடந்த எண்ணைத்தான் ஆய்வேட்டில் எழுதலாம்.

இன்னொரு சரிபார்ப்பும் உண்டு. இர்விங்கும் வில்லியம்சும் 1953இல் தொகுத்தளித்த வரிசைப்படி, இருமை மின்சுமை கொண்ட உலோகங்களின் அணைவு நிலைத்தன்மை மாங்கனீசிலிருந்து இரும்பு, கோபால்ட், நிக்கல் வழியே தாமிரம் வரை ஏறி, துத்தநாகத்தில் இறங்குகிறது. ஒரே இடத்தில் துத்தநாகம் தாமிரத்தைவிட ஆயிரம் மடங்கு இறுக்கமாகச் சேர்கிறது என்று உங்கள் கணக்கு சொன்னால், புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணும் முன் தாங்கல் கரைசலைச் சந்தேகியுங்கள்.

ஃப்ளூரசன்ஸ் அளவீட்டில் கவனம்

295 நானோமீட்டரில் தூண்டினால் டிரிப்டோஃபேன் மட்டும் ஏறத்தாழ 340 அருகே ஒளிரும். தாமிரம் சேர்க்கும்போது அந்த ஒளி மங்குவதை அளந்து, ஸ்டெர்ன்–வோல்மர் கோடு (ஒளி மங்கிய விகிதத்தைச் சேர்த்த பொருளின் செறிவுக்கு எதிராகக் காட்டுவது) வரைந்து, பிணைப்பு நிறுவப்பட்டது என்று முடிக்கும் ஆய்வேடுகள் ஏராளம். ஒளி மங்குவதற்குப் பிணைப்பு ஒரு காரணம் மட்டுமே. சேர்த்த பொருளே தூண்டும் ஒளியையோ உமிழும் ஒளியையோ உறிஞ்சினாலும் மங்கும். புரதம் திரண்டாலும் மங்கும். எனவே இரண்டு அலைநீளங்களிலும் உறிஞ்சலை அளந்து, அவற்றின் கூட்டலில் பாதியைப் பத்தின் அடுக்காக்கி, கிடைத்த எண்ணால் ஒளிர்வைப் பெருக்கித் திருத்த வேண்டும். மொத்த உறிஞ்சலை 0.1க்குக் கீழே வைத்துக்கொண்டால் திருத்தமே சிறிதாகிவிடும். தனி டிரிப்டோஃபேனிலும் இதையே செய்து பாருங்கள். கடைசியாக ஈடிடிஏ சேர்த்து ஒளி திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லை என்றால் உலோகம் புரதத்தைப் பற்றியதைவிடக் கெடுத்திருக்கலாம்.

இடமாகவும் வலமாகவும் சுழலும் ஒளியைப் புரதம் எவ்வளவு வேறுபட்டு உறிஞ்சுகிறது என்று பார்க்கும் வட்ட இருநிறத்தன்மை அளவீடு 208, 222 நானோமீட்டர்களில் ஆல்ஃபா சுருளின் அடையாளத்தைத் தருவதால், உலோகம் சேர்ந்ததும் புரதத்தின் மடிப்பு மாறியதா என்று அறிய உதவும். குளோரைடு 200க்குக் கீழே ஒளியை மறைக்கும் என்பதால் அதற்குப் பதிலாக ஃபுளோரைடைச் சேர்ப்பார்கள்.

வெளியே எடுத்துச் செல்ல வேண்டியபோது

தாமிரத்தைச் சூழ்ந்திருப்பது நைட்ரஜனா ஆக்சிஜனா என்ற கேள்விக்கு எலக்ட்ரான் பாரகாந்த ஒத்ததிர்வு நல்ல விடை தரும். சென்னையில் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் உள்ள சைஃப் என்ற பொது ஆய்வுக்கருவி மையம் வெளியாரின் மாதிரிகளையும் ஏற்கிறது. விம்கோ நகரிலிருந்தோ வண்ணாரப்பேட்டையிலிருந்தோ மெட்ரோவில் கிண்டி வரை செல்லும் நேரத்தில் புரதம் கெடாமல் இருக்க, பனிக்கட்டி நிறைந்த தெர்மாகோல் பெட்டி வேண்டும். உறையவைத்து அளக்கப்போகிறீர்கள் என்பதால் கிளிசரால் சேர்த்துக்கொள்ளுங்கள். தெளிவான கண்ணாடி போன்ற உறைவு இல்லாவிட்டால் தாமிரங்கள் ஒன்றோடொன்று நெருங்கித் திரண்டு பட்டைகளை அகலப்படுத்தும். நிறமற்ற துத்தநாகத்துக்கு இது பயன்படாது. அதற்கு எக்ஸ் கதிர் உறிஞ்சல் வேண்டும். துத்தநாகத்தின் கே விளிம்பு, அதாவது அதன் மிக உள்ளே உள்ள எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான ஆற்றல், 9,659 எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ளது. இந்தூரில், வலுவான எக்ஸ் கதிர்களைத் தரும் இண்டஸ்-2 ஒத்தியக்க முடுக்கியில் அதற்கான கதிர்த்தடங்கள் உண்டு. முதல் ஆண்டிலேயே அங்கே செல்ல வேண்டியதில்லை.

எண்ணூரின் காட்மியத்துக்குத் திரும்புவோர்க்கு

ஓவோடிரான்ஸ்ஃபெரினில் முறிவு 2இல் விழத் தொடங்கிய பிறகு காட்மியத்துக்குச் செல்லலாம். காட்மியத்தைப் பிடிக்கும் மெட்டாலோதயோனின் என்ற புரதத்தை 1957இல் மார்கோஷஸும் வல்லியும் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தார்கள். பாலூட்டிகளின் வடிவத்தில் 20 சிஸ்டீன்கள் ஏழு இருமை அயனிகளைப் பிடிக்கும். அதில் டிரிப்டோஃபேனும் டைரோசினும் இல்லாததால் 280 நானோமீட்டர் கணக்கு பயன்படாது. அதற்குப் பதிலாக 250 அருகே தோன்றும் காட்மியம்–கந்தகப் பட்டையையும், எல்மன் வினைபொருளால் 412 நானோமீட்டரில் அளக்கும் தயோல் (சிஸ்டீனின் கந்தகக் குழு) எண்ணிக்கையையும் கொள்ள வேண்டும். எல்மன் அளவீட்டின் உறிஞ்சுகெழு 14,150. கந்தகம் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையும் என்பதால் நைட்ரஜன் சூழலில் வேலை செய்வது கட்டாயம். தயோல் குறைந்த புரதத்தில் கிடைக்கும் காட்மியம் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே வரும். மட்டிகளின் மெட்டாலோதயோனினில் சிஸ்டீன் எண்ணிக்கை பாலூட்டிகளிலிருந்து வேறுபடலாம். ஆகவே ஏழு என்ற எண்ணை முன்கூட்டியே எதிர்பார்த்து வளைவரையை வாசிக்காமல், பிரித்தெடுத்த புரதத்தின் தயோல்களை முதலில் எண்ணி, அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் காட்மியத்தைத் தனியே அளந்து, இரண்டின் விகிதத்தையும் 250 நானோமீட்டர் வளைவரையின் முறிவோடு ஒப்பிட்ட பிறகே எண்ணிக்கையை எழுதுங்கள்.